ஜீரோ கேட்டுக்கு முன்னால்

எர்ணாவூர் பாலம் இறங்கியதும் வண்டி நின்றது.
மாலை ஆறு பத்து.
முதுகில் நாற்பதடிப் பெட்டி. உள்ளே என்னவென்று
எனக்குச் சொல்லவில்லை, சீல் உடையாமல் இருந்தால் போதும்.
முன்னால் செங்கல்வராயனின் டிரெய்லர்,
அதற்கு முன்னால் சிவப்பு விளக்குகள்,
அதற்கும் முன்னால், காசிமேடு தாண்டி
எங்கேயோ ஜீரோ கேட்.

ஒன்பது மணிக்குப் பாதி தூரம் வந்திருந்தோம்.
பன்னிரண்டுக்கு மீதியில் பாதி.
இரண்டரைக்கு அந்த மீதியில் பாதி.

எனக்குப் பழக்கமான கணக்குதான்.
வியாசர்பாடிக் கல்லூரியில் காமர்ஸ் கிடைக்கவில்லை,
தத்துவத்தில் ஏழு சீட் காலியாகக் கிடந்தது.
நாலு செமஸ்டர். பிறகு ஹெவி லைசென்ஸ்.
மண்டையில் தங்கியவன் ஒரே ஒரு கிரேக்கன்,
பேர் போய்விட்டது, எலேயா என்ற ஊர்க்காரன்:
ஓரிடம் போய்ச் சேர முதலில் பாதி போகணும்,
அப்புறம் மீதியில் பாதி,
பாதிகள் தீரவே தீராது,
ஆகவே யாரும் எங்கும் போய்ச் சேர்வதில்லை.
பரீட்சையில் பத்து மார்க் கேள்வி.
நான் பாதிதான் எழுதினேன்.

அவனுக்குப் பதில் சொல்ல உலகத்துக்கு
இரண்டாயிரம் வருஷம் பிடித்ததாம்.
தீராத பாதிகளையெல்லாம் கூட்டி
ஒன்று என்று காட்டினார்கள்.
அந்தக் கணக்கில்தான் பாலம் நிற்கிறது,
கிரேன் தூக்குகிறது,
என் போனுக்குள் இருக்கும் பெண்குரல்
"பதினோரு நிமிடத்தில் சேர்வீர்கள்" என்கிறது.
நாலு மணி நேரமாக அதே பதினோரு நிமிடம்.
பதில் வந்த பிறகும் அவன் செத்தபாடில்லை.

அவர்களிடம் பூஜ்யம் கிடையாது என்று சார் சொன்னார்.
எங்களிடம் இருக்கிறது,
போலீஸ் பூத்தோடு, கம்பிக்கதவோடு,
ராத்திரி முழுக்க விளக்கெரிய.
கிட்டே போகலாம். தொடத்தான் முடியவில்லை.

அவன் சொன்ன இன்னொன்று ஆமை.
முன்னால் கிளம்பிவிட்ட ஆமையை
எப்பேர்ப்பட்டவன் ஓடினாலும் முந்த முடியாது.
தை மாசம் ஒரு விடிகாலை
திருவொற்றியூர் குப்பத்துக் கரையில் இறங்கினேன்.
மணலில் கவிழ்த்த அண்டா மாதிரி ஒன்று,
தள்ளி ஒன்று, அதற்குத் தள்ளி நாலு.
பங்குனி ஆமைகள். கழுத்து வீங்கி,
கண் வெளியே பிதுங்கி.
பங்குனிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருந்தது.
யாரோ முந்தியிருக்கிறார்கள்.
இதற்கு எத்தனை மார்க், எத்தனை பக்கம்?

கேட்டில் ஒரு கம்ப்யூட்டர்.
ஆம், இல்லை. மூன்றாவது கட்டம் கிடையாது.
அதுவும் அந்தக் கரையில் இறங்கிய சரக்குதான்:
ஒன்று மெய், இல்லாவிட்டால் பொய், நடுவில் இடமில்லை.
ஐப்பசி மழையில் செங்கல்வராயனை அது கேட்டது,
வண்டி துறைமுகத்துக்குள் இருக்கிறதா?
முன்சக்கரம் உள்ளே, பின்சக்கரம் எல்லாம் வெளியே,
அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்
மூணு மணி நேரம் மனுஷன் நடுவிலேயே இருந்தார்.

டீ கேனோடு அற்புதமேரி வந்தாள்.
கேட்டிலிருந்து இங்கே நடந்து கால் மணி நேரம்.
அந்தக் காலத்திலேயே ஒருத்தன்
வாய் திறக்காமல் எழுந்து நடந்து காட்டி
எலேயாக்காரனை மறுத்தானாம்.
அவளிடம் சொன்னேன். கிளாஸை நீட்டினாள்.
"உங்க ஆளு நல்லா இருக்கட்டும்ணா.
நீங்கல்லாம் போய்ச் சேந்துட்டா
நான் யாருக்கு ஊத்துறது?
பழைய பாக்கி இருபத்துநாலு."
பன்னிரண்டு கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்துவிட்டுப் பின்வண்டிக்கு நடந்தாள்.

செங்கல்வராயன் தூங்கிவிட்டார் போல.
அவருக்கு முன்னால் வழி திறந்து கிடக்கிறது,
பின்னால் எண்ணூர் வரை ஹாரன் சத்தம்.
நானும் ஹாரனில் கை வைத்தேன்,
உடனே அமுக்கவில்லை.
வெறும் ரோடு, நாற்பது மீட்டர் இருக்கும்,
டீசல் சிந்திய இடத்தில் மட்டும் நிறம் நிறமாக.
இன்னும் யாரும் பாதியாக்காத தூரம்.